உரிமம் இழந்த இசை

பக்தன் வேறு, ரசிகன் வேறு என்பர். சொல்லில் வேறுதான்; செயலில்? சிலைக்குச் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக் கொள்பவனும், பாடகன் வீசிய கைக்குட்டைக்காக முண்டியடித்து மிதிபடுபவனும் ஒரு காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவரும் தம் தலையைக் கழற்றி இன்னொருவர் காலடியில் வைக்கிறார்கள். ஆகவேதான், கலைஞரைச் சுற்றித் திரளும் கூட்டத்தைக் காணும்போது பகுத்தறிவாளராகிய நமக்கு முதலில் எழுவது ஐயம்.

ஐயம் நல்லது. ஆனால், ஐயம் ஆராய்ச்சியின் தொடக்கமே தவிரத் தீர்ப்பு அன்று. இசைமீது கொண்ட காதல் தலையைக் குனிய வைப்பதுபோல, நிமிர வைப்பதும் உண்டா? உண்டு என்கிறது வரலாறு. மின்விசைக் கித்தாரும் முரசும் சேர்ந்து முழங்கும் ராக் இசைக் குழு ஒன்றின் ரசிகர்கள், நடுங்காமல், நயந்து பேசாமல், ஓர் அரசின் அச்சத்தை அம்பலமாக்கிய வரலாறு அது. அந்தக் குழுவுக்கு இனிய குரல் இல்லை; அழகிய முகம் இல்லை; வானொலியில் இடமில்லை; கடையில் இசைத்தட்டு இல்லை. பிறகு எதைக் கண்டு மயங்கினர் அதன் ரசிகர்? அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம், வாருங்கள் தோழர்களே, பிராக் நகருக்கு!

1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அலெக்சாண்டர் டூப்செக், செக்கோஸ்லோவாக்கியப் பொதுவுடைமைக் கட்சியின் முதற் செயலாளரானார். சமதர்மத்துக்கு மனித முகம் வேண்டும் என்றார். தணிக்கை நீங்கிற்று. ஏடுகள் வாய் திறந்தன. பிராக் வசந்தம் என்று உலகம் அதைப் போற்றியது. அந்த வசந்தத்தின் ஆயுள் எட்டுத் திங்கள்கூட இல்லை. ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு, சோவியத் நாடும் அதன் வார்சா உடன்பாட்டு நேச நாடுகளும் படைகளை ஏவின. தெருக்களில் டாங்கிகள் உருண்டன. நூற்றுக்கு மேற்பட்ட குடிமக்கள் மாண்டனர். 1969 ஏப்ரலில் டூப்செக் இறக்கப்பட்டார்; குஸ்தாவ் ஹுசாக் ஏற்றப்பட்டார்.

புதிய ஆட்சி தன் திட்டத்துக்கு இட்ட பெயர், ‘இயல்பு நிலைக்குத் திரும்புதல்’. என்ன அழகான பெயர்! எழுத்தாளன் எழுதக் கூடாது. பேராசிரியன் பாடம் நடத்தக் கூடாது. கொதிகலன் அறையில் கரி அள்ளலாம், சன்னல் துடைக்கலாம். படையெடுப்பு தவறு என்று சொன்னவன் வேலை போயிற்று; அவன் பிள்ளையின் கல்லூரி இடமும் போயிற்று. எல்லாரும் மகிழ்ச்சியுடன் இருப்பதாக நடித்தால் போதும், உண்ணவும் உடுக்கவும் கிடைக்கும். நம்பிக்கையைக்கூட அந்த அரசு கேட்கவில்லை. நம்புவதுபோல் பாசாங்கு செய்வதை மட்டுமே கேட்டது. அந்தப் பாசாங்குதான் அந்த ஆட்சியின் அடித்தளக் கல்.

டாங்கிகள் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிராக் நகரில் இளைஞர் சிலர் கூடி ஓர் இசைக்குழு தொடங்கினர். முன்னின்றவன் மிலான் ஹ்லாவ்சா. வயது பதினேழு, பயின்ற தொழில் இறைச்சி வெட்டுதல். அமெரிக்க இசைஞர் பிராங்க் ஸப்பா, போலி மனிதரை எள்ளி 1967இல் பாட்டு ஒன்று வெளியிட்டிருந்தார். அதன் தலைப்பிலிருந்து பெயரை எடுத்தனர்: ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்’. அண்டத்தின் நெகிழி மனிதர்கள்! நியூயார்க் நகரத்து ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ குழுவின் கரடுமுரடான பாடல்கள் அவர்களுக்குப் பாடநூல். அரசைக் கவிழ்க்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அரசியல் பேசவும் அவர்கள் வரவில்லை. தங்களுக்குப் பிடித்த இசையைத் தங்களுக்குப் பிடித்தபடி வாசிக்க வேண்டும், அவ்வளவே ஆசை.

அந்த ஆசைதான் குற்றமாயிற்று. அங்கே பாட்டுப் பாடவும் உரிமம் வேண்டும். தேர்வுக் குழுவின்முன் வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலப் பெயரா, மாற்று. நீண்ட முடியா, வெட்டு. துயரம் தோய்ந்த பாட்டா, விடு, உற்சாகமாகப் பாடு என்பார்கள். இணங்கியவர்களுக்கு மேடை, சம்பளம், இசைக்கருவி எல்லாம் அரசே தரும். பல குழுக்கள் இணங்கின. பிழைப்புக்காக இணங்கியவரை நாம் பழிக்கப் போவதில்லை, அடுப்பெரிய வேண்டுமே! இந்தக் குழு இணங்கவில்லை. 1970இல் தொழில்முறை உரிமம் பறிக்கப்பட்டது. அரசு தந்த கருவிகளும் திரும்பப் போயின.

வழிபாடு வாங்கும் விண்மீன்களாக இருந்தால் அன்றோடு விழுந்திருப்பார்கள். இவர்கள் கைத்தொழில் அறிந்தவர்கள். யோசப் யானீச்செக் என்னும் உறுப்பினர், இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்தவர். பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபெருக்கி சமைத்தார். கடையில் வாங்கிய கருவியின் பளபளப்பு அதற்கு இல்லை. இரைச்சலும் கரகரப்பும் கலந்துதான் ஒலி வந்தது. அந்தக் கரகரப்பே பிறகு அந்தக் குழுவின் முத்திரையாயிற்று.

குழுவுக்கு வழிகாட்டியாக வந்தார் இவான் யிரோஸ். கலை வரலாறு கற்றவர். ‘பித்தன்’ என்று பொருள்படும் பட்டப் பெயரை விரும்பி ஏற்றவர். இசை நிகழ்ச்சிக்குத்தானே தடை? ஓவியக் கலை பற்றிய சொற்பொழிவுக்குத் தடையில்லையே! மானெஸ் மண்டபத்தில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் பற்றிச் சொற்பொழிவு என்று அறிவித்தார். சில நிமிடம் படம் காட்டிப் பேசுவார். பிறகு, அந்த ஓவியரோடு தொடர்புடைய குழுவின் பாடல்களுக்குச் ‘செயல் விளக்கம்’ என்று சொல்லி, மணிக்கணக்கில் இசை முழங்கச் செய்வார். அறிவிப்பு ஒன்று, நடப்பது வேறு! பொய்யை ஆட்சிமுறையாகக் கொண்ட அரசுக்கு, அதன் விதிமுறையைக் கொண்டே வைத்த கண்ணி அது. கூட்டம் சிரித்தது. சிரிக்கத் தொடங்கிய கூட்டத்தைக் கண்டால் எந்தச் சர்வாதிகாரிக்கும் அடி வயிறு கலங்கும்.

1970 முதல் 1972 வரை அவர்களோடு பாடியவர் பால் வில்சன் என்னும் கனடா நாட்டார். பிராக் நகரில் ஆங்கிலம் கற்பித்தவர். அமெரிக்கப் பாட்டை அமெரிக்க மொழியில் அப்படியே பாட அவர் துணை வேண்டியிருந்தது. பிறகு குழுவில் சேர்ந்தார் சாக்சபோன் இசைஞர் வ்ராதிஸ்லாவ் பிராபெனெட்ஸ். வரும்போதே அவர் ஒரு நிபந்தனை போட்டார். அயலார் பாட்டைப் பாடியது போதும். நம் சொந்தப் பாட்டை நம் செக் மொழியில் பாடுவோம் என்றார். அங்குதான் திரும்பிற்று வரலாறு. எகான் பாண்டி என்னும் கவிஞரின் பாடல்களுக்கு இசை அமைத்தனர். அந்தக் கவிஞரின் நூல்களுக்கு அச்சேறும் உரிமை இல்லை. தட்டச்சுப் படிகளாகக் கைமாறி வந்தன. தூக்கமின்மை, மலச்சிக்கல், மதுக்கடை, அலுப்பு, அழுக்கு இவைதாம் பாடுபொருள். அரசின் பாடல்களில் டிராக்டர் ஓடியது. இளம் காதலர் இளித்தனர். இவர்களுடைய பாடலில் ஒருவன் அலுத்துப் போய்க் கிடந்தான். கேட்டவர்களுக்கு, அலுத்துப் போய்க் கிடந்தவன் தாமே என்று விளங்கிற்று.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். எதை நேசித்தனர் ரசிகர்?

நாடெங்கும் பொய் முழங்கிய காலத்தில் பொய் சொல்லாத ஒரு மூலையைக் கண்டனர், அதை நேசித்தனர். பள்ளியில் ஆசிரியர் தாம் நம்பாததைச் சொன்னார். ஆலையில் தலைவர் தாம் நம்பாததைச் சொன்னார். வீட்டில் தந்தை, வெளியே இதைப் பேசாதே என்றார். இந்த ஓரிடத்தில், அனுமதி வாங்குவதற்காகத் தன் மயிரைக்கூட வெட்டிக் கொள்ளாத சிலர் நின்றனர். அவர்கள் வாசித்தது கரகரத்தது. ஆனால் அவர்களுடையதாக இருந்தது. இனிமை எங்கும் கிடைக்கும். உண்மை அங்குதான் கிடைத்தது.

இன்னொன்றையும் நேசித்தனர். மேடைக்கும் தரைக்கும் இடையே உயரம் இல்லை. உரிமம் பெற்ற பாடகரிடம் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்தக் குழுவின் நிகழ்ச்சியிலோ, ரசிகனே ஒலிபெருக்கி தூக்குவான். ரசிகனே இடம் பார்ப்பான். ரசிகனே ஒலிநாடாவில் பதிந்து நண்பனுக்குப் படி எடுத்துத் தருவான். இன்று கேட்பவன் நாளை தானே ஒரு குழு தொடங்குவான். தொழாமல் தோள் கொடுக்கும் ரசிகக் கூட்டம் அது. நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி இல்லை. காதோடு காதாகச் செய்தி போகும். இன்ன ஊருக்கு வண்டி ஏறு, அங்கிருந்து நட என்பார்கள். பனியில் நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் காவலர் நின்றால், வந்த வழியே திரும்ப வேண்டும். அத்தனைக்கும் அணியமாகித்தான் போனார்கள்.

1974 மார்ச்சுத் திங்களின் இறுதியில், தென் பொகீமியாவில் செஸ்கே புடெயோவிட்ஸ் நகரை அடுத்த ருடோல்ஃபோவ் என்னும் சிற்றூரில் நிகழ்ச்சி. பிராக் நகரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான இளைஞர் வண்டி ஏறி வந்தனர். காத்திருந்தது காவல் படை, நாய்களுடன். அந்தக் குழு வாசிக்க இயலவில்லை. இளைஞர்களை நிலையத்துக்கு ஓட்டினர். சுரங்கப் பாதையில் இருபுறமும் நின்று தடியால் அடித்தனர். பிராக் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினர். உயிர் போகவில்லை. ஆனால் மண்டை உடைந்தது; பலர் கைதாயினர்; பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் மாணவர்கள் நீக்கப்பட்டனர். பாட்டுக் கேட்கப் போனதற்குப் படிப்புப் போயிற்று! ‘புடெயோவிட்ஸ் படுகொலை’ என்றே ரசிகர்கள் அந்த நாளைக் குறித்தனர். அந்தச் சுரங்கப் பாதை வழியாக ஒரு பக்கம் நுழைந்தவர்கள் இசை கேட்க வந்த பிள்ளைகள். மறு பக்கம் வெளியே வந்தவர்கள், தம் நாடு எப்படிப்பட்டது என்று அறிந்து கொண்ட குடிமக்கள்.

அடி விழுந்த பிறகு கூட்டம் கரைந்திருக்க வேண்டும். கரையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பொஸ்துபித்ஸே என்னும் ஊரில், ‘இரண்டாம் பண்பாட்டின் முதல் விழா’ நடந்தது. அரசு நடத்தும் பண்பாடு முதலாவது. அதனிடம் கெஞ்சவும் மாட்டோம், அதன் இடத்தைப் பிடிக்கவும் மாட்டோம், எமக்கென ஒன்றை நாமே ஆக்கிக் கொள்வோம் என்பது யிரோஸ் வகுத்த கொள்கை. 1975இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் அதை அவர் விளக்கினார். விழா நடத்த அனுமதி கிடைக்காது. திருமணத்துக்கு அனுமதி வேண்டுவதில்லை. ஆகவே யாருக்கேனும் திருமணம் என்றால், மணமக்கள் ஒருபுறம், மின் கித்தார் மறுபுறம்! 1976 பிப்ரவரியில் போயனோவித்ஸே ஊரில் யிரோஸின் திருமணமே இரண்டாவது விழாவாயிற்று.

அரசு பொறுத்தது போதும் என்று முடிவு செய்தது. 1976 மார்ச்சில் வலை விரித்தது. இசைஞரும் நண்பருமாக இருபது பேரளவில் கைதாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணைக்கு இழுக்கப்பட்டனர். வீடுகள் சோதனையிடப்பட்டு ஒலிநாடாக்களும் கருவிகளும் பறிமுதலாயின. முதல் வழக்கு சூலைத் திங்களில் பில்சன் நகரில் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரும் பாடகர் அல்லர். ஒரு சொற்பொழிவும் இசையும் கொண்ட நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த ரசிகர்கள். ஏற்பாடு செய்ததற்கே சிறை! செப்டம்பரில் பிராக் வழக்கு. சாட்டிய குற்றம், பொது ஒழுங்கைக் குலைத்தல்; பாட்டில் இழிசொற்கள் உள்ளன என்பது சான்று. யிரோஸுக்குப் பதினெட்டுத் திங்கள் சிறை. ‘டி.ஜி. 307’ குழுவின் பாவெல் சாயீச்செக்குக்குப் பன்னிரண்டு திங்கள். பிராபெனெட்ஸுக்கும், பாடகரும் பாதிரியாருமான ஸ்வாதொப்லுக் கராசெக்குக்கும் எட்டெட்டுத் திங்கள்.

அரசு போட்ட கணக்கு எளியது. நீண்ட முடிக்காரப் பையன்கள். அவர்கள் பாடுவது பெரியவர் காதுக்குப் பிடிக்காது. யார் வந்து வாதாடப் போகிறார்கள்? அரசியல் எதிரியைப் பிடித்தால் உலகம் கேட்கும். இந்தப் பொறுக்கிகளைப் பிடித்தால் ஊரே கைதட்டும் என்று நினைத்தது. அந்தக் கணக்குத்தான் பொய்த்தது.

நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல் அப்போது நாற்பதை நெருங்கியவர். அவருடைய நாடகங்களுக்கும் நாட்டில் தடை. 1976இன் தொடக்கத்தில் யிரோஸைச் சந்தித்து, தேய்ந்த ஒலிப்பெட்டி ஒன்றில் அந்தப் பாடல்களைக் கேட்டார். கரகரப்பின் அடியில் ஓர் உண்மை வலியைக் கண்டு கொண்டார். கைது நடந்ததும் அவர் ஓடி ஓடி ஆள் திரட்டினார். யார் யார் வந்தனர்? 1907இல் பிறந்த மெய்யியல் பேராசிரியர் யான் பாட்டோச்கா வந்தார். 1901இல் பிறந்த கவிஞர் யாரோஸ்லாவ் சைபெர்ட் வந்தார்; பின்னர் 1984இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. சிறைப்பட்ட இளைஞருக்காக, 1976 ஆகஸ்டில், செருமானிய எழுத்தாளர் ஹைன்ரிச் ப்யோலுக்குத் திறந்த மடல் விடுத்தனர். இந்த முதியவர்கள் ராக் இசையில் திளைத்து வளர்ந்தவர் அல்லர். தம் செவிக்கு இனிக்காததைப் பாடுகிறவனுக்கும் பாடும் உரிமை வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த இளைஞர் வாயடைத்தால் அடுத்து எல்லார் வாயும் அடைபடும் என்று உணர்ந்திருந்தார்கள்.

ஒரு நகைமுரண் பாருங்கள். குடியுரிமை, அரசியல் உரிமை ஆகியன பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் செக்கோஸ்லோவாக்கியா முன்பே கையெழுத்திட்டிருந்தது. கருத்துரிமையை அளிக்கும் அந்த உடன்படிக்கை அங்கே நடைமுறைக்கு வந்த நாள், 1976 மார்ச்சு 23. அதே மார்ச்சில்தான் பாட்டுப் பாடியவர்களைப் பிடித்துப் பூட்டியது அரசு! நீ கையெழுத்திட்டதை நீயே நிறைவேற்று என்று கேட்பதற்கு இதைவிட நல்ல தருணம் எது? வழக்கு மன்றத் தாழ்வாரங்களில் முன்பின் அறியாத பலர் ஒன்று கூடினர். ஒதுக்கப்பட்ட பொதுவுடைமையாளர், கிறித்தவர், எழுத்தாளர், நீண்ட முடி இளைஞர் எனப் பல திறத்தார் அவர்கள். அந்தக் கூட்டிலிருந்து பிறந்ததுதான் ‘சாசனம் 77’. 1977 சனவரி முதல் நாளிட்ட அந்த அறிக்கையில், முதலில் ஒப்பமிட்டோர் 240க்கு மேற்பட்டோர். ஹாவெல், பாட்டோச்கா, முன்னாள் அயல்துறை அமைச்சர் யிரி ஹாயெக் ஆகிய மூவரும் அதன் முதல் பேச்சாளர்கள். 1989க்குள் ஏறத்தாழ 1,900 பேர் ஒப்பமிட்டனர்.

அரசு பதறியது. 1977 சனவரி 28ஆம் நாள், பிராக் தேசிய நாடக அரங்கில் நாட்டின் புகழ்பெற்ற கலைஞரையெல்லாம் கூட்டியது. சாசனத்துக்கு எதிரான அறிக்கையில் ஒப்பமிட வைத்தது. அடுத்த சில நாளில் மெல்லிசைப் பாடகரைக் கூட்டி அவ்வாறே செய்தது. எதை எதிர்த்து ஒப்பமிட்டார்களோ, அதைப் படிக்க அவர்களுக்கு இடமளிக்கவில்லை! உரிமம் பெற்ற இசை ஒருபுறம், உரிமம் இழந்த இசை மறுபுறம் என்று நாடே பார்க்கும்படி அரசே கோடு கிழித்துக் காட்டிற்று. எந்தப் பக்கம் புகழ், எந்தப் பக்கம் மானம் என்று ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விலை கொடுத்தவர் பலர். அடுத்தடுத்த விசாரணைகளால் நலிந்த பாட்டோச்கா, 1977 மார்ச்சு 13ஆம் நாள் இறந்தார். அடக்கத்தின்போது மேலே காவல் துறையின் ஹெலிகாப்டர் வட்டமிட்டது. அருகே மோட்டார் சைக்கிள்கள் உறுமின. இரங்கலுரை காதில் விழாதிருக்க ஏற்பாடு! இசைஞரின் இரைச்சல் நாட்டுக்குக் கேடு என்று சிறையிட்ட அரசு, ஒரு முதியவர் கல்லறைமீது எழுப்பிய இரைச்சல் அது. யிரோஸ் ஐந்து முறை சிறை சென்றார். மொத்தம் எட்டு ஆண்டுக்கு மேல். 1979இல் சிறை புகுந்த ஹாவெல் வெளியே வந்தது 1983இல். பிராபெனெட்ஸ் 1982இல் நாட்டை விட்டே விரட்டப்பட்டுக் கனடா சேர்ந்தார். பாடகர் வில்சனை அரசு முன்பே வெளியேற்றிவிட்டது.

இங்கே நம் தோழர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக் கூடும். சமத்துவம் பேசிய அரசு. கடவுள் இல்லை என்று அறிவித்த அரசு. சிறைக்குப் போனவர்களுள் ஒருவர் பாதிரியார். 1978இல் அந்தக் குழு, ஹாவெலின் பண்ணை வீட்டில் வாசித்துப் பதிந்ததோ ஏசுவின் பாடுகள் பற்றிய இசைத் தொகுப்பு. பகுத்தறிவாளர் யார் பக்கம் நிற்பது?

தயக்கமின்றிச் சொல்வோம்: சிறைக்குள் இருப்பவன் பக்கம். கடவுள் உண்டு என்பதை நாம் ஏற்கவில்லை. ஆனால், தடி கொண்டு திணிக்கப்படும் நாத்திகமும் ஒரு மதமே. அதற்கும் திருநூல் உண்டு, பூசாரி உண்டு, தீண்டாமையும் உண்டு. மறுத்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் பகுத்தறிவு வளர்வதில்லை, பதுங்கி அழுகுகிறது. கராசெக்கின் நம்பிக்கையோடு நாம் வாதாடுவோம். வாதாட வேண்டுமானால் அவர் வெளியே இருக்க வேண்டுமே! உழைப்பாளியின் பெயரால் ஆண்டவர்கள், இறைச்சி வெட்டப் பயின்ற ஓர் இளைஞனைக் கண்டு அஞ்சினர் என்பதே அவர்கள் உழைப்பாளியின் ஆட்சியை நடத்தவில்லை என்பதற்குச் சான்று. கொடியின் நிறத்தைப் பார்த்து அடக்குமுறைக்கு விலக்களிப்பவன் பகுத்தறிவாளன் ஆகான்.

ஒலிநாடாக்கள் எல்லை கடந்தன. 1978இல் மேலை நாட்டில் இசைத்தட்டு வந்தது. ‘பீட்டில்ஸ்’ குழுவின் புகழ்பெற்ற தட்டின் பெயரைப் பகடி செய்து தலைப்பிட்டனர். ஆங்கிலத்தில் ‘பேண்ட்’ என்று ஒலிக்கும் சொல், எழுத்து மாறினால் இசைக்குழுவையும் குறிக்கும், தடை செய்யப்பட்டதையும் குறிக்கும். அந்தச் சிலேடையில் ஒரு நாட்டின் வரலாறே அடங்கிவிட்டது. உள்ளே 1979 முதல் ‘வொக்னோ’ என்னும் கள்ள ஏடு புறப்பட்டது. சாளரம் என்று பொருள். அதை நடத்திய பிராந்திசெக் ஸ்தாரெக், 1976இல் பில்சன் நகரில் தண்டிக்கப்பட்ட மூவருள் ஒருவர். பாட்டுக் கேட்க வந்தவர் பதிப்பாளரானார்!

குழுவோ, ஒடுக்குமுறையாலும் உட்பூசலாலும் 1988இல் கலைந்தது. மறு ஆண்டு நவம்பரில் பிராக் தெருக்களில் மக்கள் வெள்ளம். 1989 டிசம்பர் 29ஆம் நாள் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். இசைக்குழு ஆட்சியைக் கவிழ்த்தது என்று கதை கட்ட மாட்டோம். ஆட்சி விழப் பல காரணங்கள்; மாஸ்கோவில் வீசிய காற்று அவற்றுள் பெரிது. ஆனால் அச்சமில்லாமல் ஒன்றுகூடப் பழகியவர்கள் அந்த நாட்டில் முன்பே இருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் தொடக்கப் பள்ளிகளுள் ஒன்று, சிற்றூர்த் திருமண வீட்டில் முழங்கிய கரகரத்த கித்தார். 1997இல், சாசனத்தின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, அந்தக் குழு மீண்டும் கூடி வாசித்தது. ஹ்லாவ்சா 2001இல் மறைந்தார். யிரோசும் ஹாவெலும் 2011இல் மறைந்தனர்.

கசப்பான செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. எந்தக் கவிஞரின் சொற்களால் அந்தக் குழு தன் குரலைக் கண்டதோ, அந்த எகான் பாண்டி இரகசியக் காவல் துறைக்குத் துப்புக் கொடுத்தவர் என்பது பின்னர் ஆவணங்களால் தெரிய வந்தது. பக்தனாக இருந்தால் அன்றே உடைந்திருப்பான். அல்லது ஆவணம் பொய் என்று சாதித்திருப்பான். அந்த ரசிகர்கள் பாடலை வைத்துக் கொண்டார்கள். மனிதரை வரலாற்றின் தீர்ப்புக்கு விட்டார்கள். ஆளைத் தொழுதவனுக்கு ஆள் சரிந்தால் எல்லாம் சரியும். செயலை நேசித்தவனுக்குச் செயல் நிற்கும்.

ஆகவே, இளைஞர்களே, இசையை நேசிக்காதீர் என்று சொல்ல வரவில்லை நாம். நேசியுங்கள், கூடிக் கேளுங்கள், தொலைவு நடந்தும் கேளுங்கள். கேட்டு முடித்து வீடு திரும்பும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். உங்கள் முதுகு முன்னைவிட வளைந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? செஸ்கே புடெயோவிட்ஸ் சுரங்கப் பாதையில் தடியடி பட்டுத் திரும்பிய பிள்ளைகளின் கூட்டம், அந்த அடியோடு கரைந்துவிடவில்லை. அவர்களைப் போன்ற ரசிகர் வாய்த்தால், உரிமம் இல்லாத இசையும் ஒரு நாட்டைத் தாங்கும்.